குன்றுகளில் நிகழும் கேடுகளும் ஊராரின் கடமையும்



ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டும் அன்று. குளமும் களமும், சாவடியும் கோயிலும், மேய்ச்சல் நிலமும் குன்றும் சேர்ந்ததே ஊராகும். இவை எவருக்கும் தனியுடைமை அல்ல. ஆதலின் அனைவருக்கும் உரியவை. இப்பொது இடங்களைப் பாழ்படுத்துவதும், அங்கு வருவோரை அச்சுறுத்துவதும், பிறருடைய அமைதியையும் வழிபாட்டையும் குலைப்பதும் சமூக விரோதச் செயல்கள் எனப்படும். கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்கள் உடனே கண்ணில் படும், காவலரும் வருவர். ஆனால் இச்சிறு கேடுகளோ நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழ்வதால், "நமக்கென்ன?" என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிச் செல்கின்றனர். ஒதுங்கியவர் தொகை பெருகப் பெருக, கேடு செய்பவர் துணிவும் பெருகுகின்றது.

இப்பாடத்தில் நமக்கு மிக நெருக்கமான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு இச்சிக்கலை ஆராய்வோம். அவ்விடம், நம் முன்னோர் தவம் செய்த குன்றுகள்.

குன்றுகளின் பெருமை

தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் பல, சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களில் உள்ளன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குன்றில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882 இல் இராபர்ட் சீவெல் உலகிற்கு அறிவித்தார். அவை ஏறத்தாழ கி.மு. 2 ஆம் நூற்றாண்டின என்பது அறிஞர் கருத்து. திருக்கோவலூர் அருகிலுள்ள ஜம்பையில் 1981 இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை அமைத்து அளித்ததைக் கூறுகின்றது. அசோகன் கல்வெட்டுகள் குறிப்பிடும் சத்தியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் வினாவிற்கு அந்த ஒற்றைக் கல்வெட்டே விடையளித்தது.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றிலேயே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்ததை அறிவிக்கும் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளது. ஒரு முனிவரின் இறுதி நோன்புக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று, திறந்த வெளிப் பாறையில் உள்ள அச்சில வரிகளே. அவற்றின்மேல் ஒருவன் ஆணியால் தன் பெயரைக் கீறினால், அழிவது கல்லின் அழகு மட்டும் அன்று. அம்முனிவரைப் பற்றி நாம் அறியக்கூடிய அனைத்தும் அழிந்துபோகும். ஓலைச்சுவடி ஒன்று செல்லரித்தால் மற்றொரு படி கிடைக்கக்கூடும். கல்வெட்டுக்கு மறுபடி இல்லை.

நிகழும் கேடுகள் யாவை?

பராமரிப்பற்ற குன்றுகளில் காணப்படும் கேடுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கீறலும் கிறுக்கலும். காதலர் பெயர், கட்சிப் பெயர், நடிகர் பெயர் ஆகியவற்றைப் பாறையிலும் கற்படுக்கையிலும் எழுதுதல். எண்ணெய்ச் சாயம் எழுத்தின் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றது. அதை அகற்ற எண்ணிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால், சாயத்தோடு எழுத்தின் விளிம்பும் தேய்ந்துபோகும். நோய் ஒரு கேடு என்றால், அறியாமல் செய்யும் மருத்துவம் இரண்டாவது கேடு.

இரண்டாவது, குடியும் புட்டி உடைப்பும். முனிவர் படுத்த கற்படுக்கையில் அமர்ந்து மது அருந்துவோர், செல்லும்போது புட்டிகளைப் பாறையில் வீசி உடைக்கின்றனர். வெறுங்காலுடன் வழிபட வரும் முதியவரின் பாதத்தையும், ஆடு மேய்க்கும் சிறுவரின் பாதத்தையும் அச்சில்லுகள் கிழிக்கின்றன. நாளடைவில் பெண்கள் அப்பக்கம் செல்ல அஞ்சுகின்றனர்.

மூன்றாவது, தீ மூட்டல். குகைத்தளத்தில் அடுப்புக் கூட்டிச் சமைப்பதால் கரி படிவதோடு, கருங்கல்லின் மேற்பரப்பு வெப்பத்தால் விரிந்து பொருக்குப் பொருக்காக உதிர்கின்றது. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க முன்னோர் வெட்டிய காடிகளும், அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் இதனால் சிதைகின்றன.

நான்காவது, புதையல் வேட்டையும் களவும். "சிலையின் அடியில் பொன் இருக்கின்றது" என்ற வதந்தியை நம்பித் திருவுருவங்களைப் பெயர்ப்போர் உளர். ஆளரவமற்ற ஜினாலயங்களின் உலோகத் திருமேனிகளுக்கும் இவ்வாபத்து உண்டு.

ஐந்தாவது, கல் உடைத்தல். மதுரை மாவட்டத்தில் கருங்கல் வணிகத்தில் நிகழ்ந்த முறைகேடுகளை, அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் 2012 இல் அரசுக்கு அறிக்கையாக அளித்தார். கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ள கீழவளவுக் குன்றுகளைச் சுற்றிலும் பாறைகள் வெட்டப்பட்டிருப்பதை, அங்குச் செல்வோர் இன்றும் காணலாம்.

இவற்றோடு ஆறாவது ஒன்றும் உண்டு. அது நல்லெண்ணத்தால் விளையும் கேடு. பழைய திருவுருவத்திற்குச் சுண்ணாம்பு பூசுதல், வண்ணம் தீட்டுதல், கல்வெட்டின்மேல் எண்ணெய் வார்த்தல், படிக்கட்டிற்காகப் பாறையைத் துளைத்தல், படம் எடுக்க வேண்டி எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் வரைதல் ஆகியவை பக்தியோடும் ஆர்வத்தோடும் செய்யப்படுபவை. இவற்றைச் செய்பவரைச் சமூக விரோதி என்று கூறுதல் தகாது. ஆயினும் கல்லுக்குத் தீங்கு தீங்கே. பிறரைத் திருத்தப் புகுமுன் நம் இல்லத்தாருக்கு இதை எடுத்துரைத்தல் வேண்டும்.

கேட்டிற்குக் காரணம் என்ன?

"இக்காலத்து இளைஞர் கெட்டுவிட்டனர்" என்று பெருமூச்சு விடுதல் எளிது. ஆனால் அது காரணத்தைக் காட்டுவதாகாது. இளைஞர் சிலர் குடிக்க ஓர் இடம் தேடுகின்றனர் என்றால், அவர்கள் ஏன் ஊர்ச் சாவடியைத் தேர்ந்தெடுக்காமல் குன்றைத் தேர்ந்தெடுத்தனர்? அங்கு எவரும் வருவதில்லை என்பதை அவர்கள் அறிவர். வெறுமையே அவர்களை அழைக்கின்றது.

அவ்வெறுமை எவ்வாறு வந்தது? வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களிலிருந்து குடும்பங்கள் பல, கல்வியும் தொழிலும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆண்டுத் திருவிழாவன்று பேருந்துகளிலும் கார்களிலும் வந்து கூடுகின்றோம்; மறுநாள் கலைந்து செல்கின்றோம். எஞ்சிய நாள்களில் குன்று தனித்துக் கிடக்கின்றது. விளக்கெரிக்க ஒரு முதியவர் மட்டும் இருப்பார். அவரும் மாலைக்குள் இறங்கிவிடுவார்.

இரண்டாவது காரணம், குன்றின் வரலாறு அடிவாரத்து மக்களுக்குச் சொல்லப்படாமையாகும். மதுரை கீழக்குயில்குடிச் சமணமலையில் மகாவீரரின் பெரிய திருவுருவம் அமைந்த குகையை ஊரார் செட்டிப்புடவு என்று வழங்குகின்றனர். அமர்ந்திருக்கும் பகவானைச் செட்டியார் ஒருவர் என்று அவர்கள் எண்ணியதால் வந்த பெயர் அது. இதில் ஊரார் குற்றம் ஏதுமில்லை. பெயர் மறந்தபோதும் அவர்கள் அவ்வுருவத்தை மறக்கவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு பெயரிட்டுத் தம்முடையதாக வைத்துக்கொண்டனர். எடுத்துரைக்கும் கடமை அறிந்தவருடையது.

மூன்றாவது காரணம், கேடு செய்தவனுக்கு எவ்வித விளைவும் நேராமை. ஒரு புட்டி உடைந்து கிடக்கும் இடத்தில் இரண்டாவது புட்டியை உடைக்க எவரும் கூசுவதில்லை. தூய்மையாக இருக்கும் இடமோ தானே ஒரு காவலாக நிற்கின்றது.

அறநூல் காட்டும் வழி

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதலே அதன் பொருள். உழவன் ஏர் பூட்டுவதிலும் உயிர்க்கேடு உண்டு. அதற்கு வாழ்க்கைத் தேவை என்ற காரணமாவது உண்டு. பாறையில் பெயர் கீறுபவனுக்கு என்ன தேவை? புட்டியை உடைப்பவனுக்கு என்ன பயன்? தேவையுமின்றிப் பயனுமின்றி நிகழும் இக்கேடுகளை, நம் ஆசாரியர்கள் தனியே பிரித்துப் பெயரிட்டு விலக்கியிருப்பது வியத்தற்குரியது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாக வகுத்தார். பிறருக்குப் பாவச் செயலைச் சொல்லிக் கொடுப்பது பாவோபதேசம். புதையல் வதந்தி பரப்புவோர் இதில் அடங்குவர். கொல்லும் கருவிகளைக் கொடுத்துதவுவது இம்சாதானம். கடப்பாரையும் வெடிமருந்தும் தருவோர் இதில் அடங்குவர். மனத்தைக் கெடுக்கும் கதைகளைக் கேட்பது துச்சுருதி. குடியையும் முரட்டுத்தனத்தையும் வீரமாகக் காட்டும் காட்சிகளில் இரவெல்லாம் மூழ்குவது இதன் இக்கால வடிவம். பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைச் சிதறடித்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை முறித்தல், வீணே திரிதல் ஆகியவை பிரமாதசரியை. குன்றின்மேல் நிகழ்வதை நேரில் கண்டு எழுதியது போன்றே இது தோன்றுகின்றதன்றோ?

ஐந்தாவது நமக்குரிய எச்சரிக்கை. பகையால் பிறன் கொல்லப்பட வேண்டும், கட்டுண்ண வேண்டும், உறுப்பிழக்க வேண்டும் என்று நினைப்பது அபத்தியானம். "அந்தப் பையன்களைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்" என்று திண்ணையில் அமர்ந்து பேசுகின்றோமே, அப்பேச்சும் அனர்த்ததண்டமே என்று ஆசாரியர் கூறுகின்றார். குன்றைக் காக்கப் புறப்பட்டவன் தன் உள்ளத்தைக் காக்கத் தவறினால், அவன் காத்தது கல்லை மட்டுமே.

அங்ஙனமாயின் பொறுத்துக்கொண்டு வாளா இருப்பதா? அன்று. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டு இங்கு வழிகாட்டுகின்றன. ஒன்று ஸ்திதிகரணம் எனப்படும் அழிந்தோரை நிறுத்தல். வழுவியவனைத் தள்ளிவிடாமல் மீண்டும் நல்வழியில் நிலைநிறுத்துவது இது. திருத்துதலை நூலோர் தண்டனையின் இடத்தில் வைக்காமல் நற்காட்சியின் உறுப்பாகவே வைத்தனர்.

மற்றொன்று உபகூஹனம் எனப்படும் அறப்பழி நீக்கல். அறியாதவரும் ஆற்றலற்றவரும் செய்த பிழையால் அறநெறிக்கு வரும் பழியை நீக்குதல் இதன் பொருள். இதனைக் குற்றத்தை மூடி மறைத்தல் என்று பிழைபடக் கொள்வோர் உளர். திருமேனி களவுபோனால், "வெளியில் தெரிந்தால் நம் ஊருக்கு இழுக்கு" என்று நாள் கடத்துவதும், பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையை "நம் பையன் செய்தது" என்று பேசி முடிப்பதும் அறப்பழி நீக்கல் ஆகா. அவையே அறத்திற்குப் பழி. அறியாச் சிறுவன் கீறிய கீறலை ஊரறியப் பறைசாற்றி அவன் வாழ்வைக் கெடுக்காதிருப்பது உபகூஹனம். களவையும் வன்கொடுமையையும் அன்றே காவல் நிலையத்தில் அறிவிப்பது கடமை. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை இல்லத்தில் பிள்ளைகளுக்கும் தெளிவாக உணர்த்த வேண்டும்.

சட்டம் தரும் துணை

1958 ஆம் ஆண்டின் தொல்லியல் நினைவுச்சின்னங்கள் சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் ஒன்றைச் சிதைப்பதும் அதன்மேல் எழுதிக் கெடுப்பதும் குற்றம். தொடக்கத்தில் தண்டனை சிறிதாக இருந்தது. 2010 இல் செய்யப்பட்ட திருத்தத்தால், இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றாயிற்று. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானமும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவின்றிக் கட்டுவதும் கூடா. மாநில அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, குடிபோதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருபவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவலோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ அல்லது சமூக சேவையோ விதிக்க இடம் தருகின்றது. சமூக சேவை என்பதை ஒரு தண்டனையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது கருதத்தக்கது. பதினெட்டு வயது நிரம்பாத சிறார்க்கு 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அதிலும் அறிவுரை கூறி விடுதலும், சமூக சேவையில் ஈடுபடுத்துதலும் இடம்பெற்றுள்ளன.

ஆயினும் சட்டத்தால் மட்டும் இக்கேடு தீருமா? இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றைக் காண்போம். அந்நாட்டில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அண்டை அயலாருக்குத் தொல்லை தருவோர்மீது நீதிமன்றத் தடையாணை பிறப்பிக்க வழி செய்தது. தடையை மீறினால் சிறை. ஆணைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரு முறையேனும் மீறப்பட்டன. 2014 இல் அம்முறையை மாற்றிப் புதிய சட்டம் இயற்றினர். சிறு கேடுகளில் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்டு, மன்னிப்புக் கோருதல், கெடுத்ததைச் சீர்செய்தல் போன்றவற்றால் ஈடு செய்யும் வழியும் அதில் இடம்பெற்றது. தடுப்பதோடு நில்லாமல் ஈடு செய்ய வைத்தலும் வேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஊர் ஒன்றுபட்டால்

ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் முதியோர் கல்வி வகுப்புகள் நடந்தன. அங்குக் கூடிய பெண்கள், பாடநூலில் வந்த ஒரு கதையை ஒட்டித் தம் வீட்டுத் துயரைப் பேசத் தொடங்கினர். சாராயமே அத்துயரின் வேர் என்று கண்டனர். 1992 இல் தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தனர். அது மாவட்டமெங்கும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்படக் காரணமாயிற்று. 1995 இல் முழு மதுவிலக்கும் வந்தது. ஆனால் 1997 இல் அது தளர்த்தப்பட்டது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் அழுதவரை ஒன்றும் மாறவில்லை. ஓரிடத்தில் கூடிப் பேசியபோது மாறியது. பேச்சும் விழிப்பும் தொடராவிடில் பெற்ற சட்டமும் நில்லாது என்பதும் அதே வரலாறு தரும் பாடமாகும்.

மதுரைப் பக்கத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது ஊரார் எதிர்த்தனர். அவ்வேளையில், 2010 இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மாதந்தோறும் மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று வரலாறு கூறும் பணியைச் செய்தது. சமயம் கடந்து பலரும் குடும்பத்தோடு நடந்தனர். அறிந்தவர் தொகை கூடியபோது அக்குன்றுகளுக்குக் குரல் கொடுப்போர் தொகையும் கூடியது.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அங்கு ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியானபோது, சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. இது அரசின் திட்டம் பற்றிய வழக்கேயன்றிச் சமூக விரோதச் செயல் அன்று. எனினும் ஒன்றை அறியலாம். அக்குன்றைக் காக்க எழுந்தோருள் மிகப் பெரும்பாலோர் சமணர் அல்லர், வேளாண் மக்கள். குன்றைத் தம்முடையது என்று அவர்கள் உணர்ந்ததே அதற்கு அரணாயிற்று.

நாம் செய்யத்தக்கவை

முதற்கண், பதிவு. நம் வட்டாரக் குன்றிலுள்ள கற்படுக்கை, கல்வெட்டு, திருவுருவம் அனைத்தையும் தொடாமல் படமெடுத்து, நாளிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஜினாலயத்து உலோகத் திருமேனிகளுக்கு உயரம், அகலம், பீடத்து எழுத்து ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து எடுத்து வைத்த கோயிற் படங்கள், களவுபோய் அயல்நாடு சென்ற சிலைகள் பலவற்றை அடையாளம் காண உதவின. படமில்லாத திருமேனியை நம்முடையது என்று மெய்ப்பிப்பது மிக அரிது.

இரண்டாவது, ஆள் நடமாட்டம். அட்டமியும் சதுர்த்தசியும் நாம் நோன்பு கொள்ளும் நாள்கள். ஒவ்வொரு பருவ நாளிலும் இரண்டு குடும்பங்கள் என்று முறை வைத்துக் குன்றேறி வழிபட்டால், மாதத்தில் நான்கு நாள் அங்கு மனிதக் குரல் ஒலிக்கும். நகரத்துக் குடும்பங்கள் தம் முறையை ஆண்டுக்கு ஒரு நாளாக ஏற்கலாம். பகற்பொழுதில் பலராகச் செல்க; தனியாகவோ இருட்டியபின்போ செல்லற்க.

மூன்றாவது, அடிவாரத்தாரோடு உறவு. நாம் ஆண்டுக்கு ஒரு நாள் வருபவர். ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் அன்றாடம் காண்பவர். அவர்களே மெய்யான காவலர். திருவிழா அன்னதானத்தில் அவர்களை விருந்தினராக அமர்த்துவோம். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, மாணவரை அழைத்துச் சென்று, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய எழுத்தைக் காட்டுவோம். தன் ஊரின் பெயர் வரலாற்றில் இருப்பதை அறிந்த சிறுவன், அப்பாறையில் தன் பெயரைக் கீற மாட்டான். பிறன் கீறினாலும் தடுப்பான்.

நான்காவது, இன்சொல். கேடு செய்தவரைக் குடிபோதையில் இருக்கும்போது அணுகுதல் ஆகாது. மறுநாள் பகலில், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரையும் உடன் கூட்டிக்கொண்டு சென்று பேசுக. சாதியையோ சமயத்தையோ இழுத்துப் பேசற்க. பேசினால் குன்றுச் சிக்கல் ஊர்ப்பகையாக மாறிவிடும். அவர் முகத்தைப் படமெடுத்துக் கைப்பேசிகளில் பரப்புதலும் கூடாது. நாணம் திருத்தும், அவமானம் பகைக்கும்.

ஐந்தாவது, ஈடு செய்தல். புட்டி உடைத்தவர்களையே அழைத்து, நாமும் உடன் நின்று, சில்லுகளைப் பொறுக்கித் தூய்மை செய்வோம். ஆனால் பாறையின் சாயத்தையும் கரியையும் எவரும் சுரண்டலாகாது. அது தொல்லியல் துறை வல்லுநரின் பணி.

ஆறாவது, முறையீடு. இன்சொல் பயன் தராதபோதும், குற்றம் பெரிதாக இருக்கும்போதும் தயங்காமல் முறையிடுக. உடனடி ஆபத்திற்குக் காவல்துறையின் 100 அல்லது 112 எண்ணை அழைக்கலாம். எழுத்து மூலம் புகார் அளித்து ஏற்புச் சீட்டுப் பெறுக. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களுக்குரிய கிராம சபைக் கூட்டங்களில் குன்றுப் பாதுகாப்பைத் தீர்மானமாகக் கொணர்க. "நம் வீடு நான்கு, அவர்கள் வீடு நானூறு" என்று அஞ்சி ஒதுங்க வேண்டா. அந்நானூறு வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அச்சமற்ற குன்று வேண்டியிருக்கின்றது. நாம் கேட்பது நமக்காக மட்டும் அன்று.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

இல்லத்தார் அனைவரும் கூடியிருக்கும் நேரத்தில் பின்வருவனவற்றை ஆராய்க.

1. அனர்த்ததண்டத்தின் ஐந்து வகைகளுக்கும் நம் அன்றாட வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுக் கூறுக.

2. அறப்பழி நீக்கலுக்கும் குற்றத்தை மறைத்தலுக்கும் உள்ள வேற்றுமை யாது? களவுபோன திருமேனியை முன்வைத்து விளக்குக.

3. கல்வெட்டின்மேல் சாயம் பூசிய பதினாறு வயதுச் சிறுவனை எவ்வாறு திருத்துவீர்? அவனை எதைச் செய்ய வைப்பீர்? எதைச் செய்ய விடமாட்டீர்?

4. நம் பூர்வீக ஊருக்கு அருகிலுள்ள குன்று எது? கடைசியாக அங்குச் சென்றது எப்போது? அடிவாரத்தார் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

நான்காவது வினாவிற்கு விடை கூறத் தடுமாறும் இல்லங்கள் பல இருக்கக்கூடும். அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. வரும் சதுர்த்தசியன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டாலே விடை கிடைத்துவிடும். முனிவர்கள் தங்களுக்கென எதையும் சேர்த்து வைக்கவில்லை. வெறும் பாறையில் படுத்தனர், ஊரார் அளித்ததை உண்டனர், அறம் உரைத்தனர். படுக்கை வெட்டிக் கொடுத்தவர் பெயரும் ஊரும் கல்லில் நின்றன. அன்று முனிவரைப் பேணிய ஊர்களே இன்றும் அக்குன்றுகளின் அடியில் வாழ்கின்றன. அவர்களோடு கைகோத்து நின்றால் காவலுக்குக் குறைவு இராது.

வாழ்க ஜினதருமம்! வளர்க நல்லுறவு!